மாதாஜியிடம் மன்னிப்பு

டெல்லி ஹாஸ்டல் ஜன்னல் என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது கஞ்சி போட்ட தொப்பிகள்தான். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், நான் அக்கா என்று கூப்பிட்ட நர்சிங் ட்யூட்டரின் அறை ஜன்னல் கண்ணாடியில் நான்கு தொப்பிகள் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நர்ஸ் தொப்பி என்பது மடிப்பதற்கு முன்னால் வெறும் வெள்ளைத் துணிதான். அதைக் கெட்டிக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து, சுருக்கமில்லாமல் உள்ளங்கையால் நீவிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால், காய்ந்ததும் அட்டை மாதிரி உரிந்து வரும். இஸ்திரிப் பெட்டியே வேண்டாம். கஞ்சிக்குத்தான் பாடு. எங்கள் மெஸ்ஸில் வாரத்தில் ஆறு நாள் சப்பாத்தி. கஞ்சிக்கு எங்கே போவது? மற்றவர்கள் மைதாவைக் காய்ச்சிப் பூசிவிட்டு, தொப்பிக்குள் எறும்பு என்று தலையைச் சொறிந்துகொண்டு திரிவார்கள். அக்கா மட்டும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ப் புழுங்கலரிசி வாங்கி வருவார். கூடவே ஒரு பொட்டலம் கருவாடும் வரும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சோற்றை வடித்து, “கஞ்சி தொப்பிக்கு, சோறு ஒனக்கு. முதல்ல தொப்பி, அப்புறம்தான் நீ, கேட்டியா?” என்பார். கருவாடு பொரிகிற வாசனைக்கு ஹோம் சிஸ்டர் என்கிற எங்கள் வார்டன் மூக்கைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடப்பார். நாங்கள் கதவிடுக்கில் ஈரத்துண்டைச் சொருகிவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்போம். அந்தச் சோற்றின் ருசிக்கு இன்றைக்கு வரைக்கும் ஈடு கிடையாது.

போன மாதம் எங்கள் நர்சிங் ஸ்கூலின் பழைய மாணவிகள் கூட்டம் ஒன்று நடந்தது. எல்லோரும் தலை நரைத்தவர்கள், முழங்கால் வலிக்காரர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தி எழுந்து மாதாஜி கதையைச் சொன்னாள். பிரின்சிபல் மேடம் மாதிரியே முதுகை நிமிர்த்தி, மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி நடித்துக் காட்டினாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. “அந்த டிசிப்ளின் இப்ப எங்க இருக்கு? அதனாலதானே நாமெல்லாம் ஆளானோம்!” என்று பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் தட்டினாள். நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போதுதான், சிரித்த அந்த வாய் மேலேயே ஒரு போடு போட வேண்டும் போல இருந்தது. அந்தக் கதையின் மிச்சம் அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவள் நான், சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால் இங்கே சொல்கிறேன்.

நான் திண்டுக்கல்லிலிருந்து பதினேழு வயதில் டெல்லிக்கு வந்தவள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்த கிளார்க். நர்சிங் சேர்ந்தால் தங்க இடம், சாப்பாடு, கையில் கொஞ்சம் ஸ்டைபண்ட் என்று அவர் எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு அப்பா ரயில் ஏற்றிவிட்டார். அது எழுபதுகளின் நடுப்பகுதி. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எங்கள் ஸ்கூல். பெயர் எதற்கு, விடுங்கள். அங்கே முதல் வருஷத்துக்கு ட்யூட்டராக இருந்தவர்தான் அக்கா. நாகர்கோவில்காரர். வகுப்பில் அவரை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். அறைக்கு வந்தால் அக்கா. முப்பது வயதைத் தாண்டியிருந்தார். கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவர் போய்விட்டார். ஒரே மகள், அவளை ஊரில் மைனியிடம், அதாவது அண்ணன் மனைவியிடம், விட்டுவிட்டு வந்திருந்தார். ஹாஸ்டல் அறையில் பிள்ளையை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வெளியே முனிர்கா பக்கம் அறை எடுக்கலாம் என்றால், காலை ஏழு மணி ட்யூட்டிக்குப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? சீனியர் ட்யூட்டர் ஆனால் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள். வளாகத்துக்குள் சிறு பள்ளிக்கூடமும் உண்டு. அக்காவுக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது. அந்த இரண்டு ரூம், அதில் மகள். அவ்வளவுதான்.

மைனி வருஷத்துக்கு ஒரு முறை தபாலில் ஒரு நூல் அனுப்புவார். மகளின் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அளந்து வெட்டிய நூல். அந்த அளவுக்கு அக்கா ஸ்வெட்டர் பின்னுவார். நாகர்கோவில் வெயிலில் எவள் ஸ்வெட்டர் போடுவாள்? “டெல்லிக்கு வரும்போது போடுவா” என்பார். அது பின்னி முடிவதற்குள் அடுத்த நூல் நீளமாக வந்து சேரும்.

இனி மாதாஜி. எங்கள் டெமான்ஸ்ட்ரேஷன் ரூமில் ஒரு கட்டில், கட்டிலில் ஆளுயர பொம்மை. நாங்கள் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் ஊசி, எனிமா, ஸ்பாஞ்ச் பாத், கட்டுப் போடுவது எல்லாவற்றையும் அதன் மேல்தான் பழக வேண்டும். மூக்கு நுனியில் பெயின்ட் உரிந்து, ஒரு கை தொளதொளத்து, எந்நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். டெல்லி வார்டுகளில் வயதான அம்மாக்களை மாதாஜி என்றுதான் அழைப்போம். பொம்மையையும் அப்படியே அழைக்க வேண்டும் என்பது பிரின்சிபல் மேடத்தின் உத்தரவு. அது நல்லதுதான். இன்னொரு உத்தரவும் இருந்தது. பொம்மையிடம் தப்புச் செய்தால், வகுப்பு முழுக்கப் பார்க்க, அதன் கட்டிலோரம் நின்று கை கூப்பி, “ஐ ஆம் சாரி, மாதாஜி” என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். நோயாளி திருப்பித் திட்ட மாட்டாள், அதனால் நீங்களே கேட்கப் பழகுங்கள் என்று மேடம் அதற்கு ஒரு விளக்கம் சொல்வார். கேட்கிறபோது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டிலோரம் நின்று பார்த்தவளுக்குத் தெரியும், அங்கே நோயாளியைப் பற்றி எவளும் நினைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கிற முப்பது ஜோடிக் கண்களைத்தான் நினைத்தாள்.

நான் முதல் மாதமே நின்றேன். ஸ்பாஞ்ச் பாத் தண்ணீரை முழங்கையால் சூடு பார்க்காமல் ஊற்றிவிட்டேன். நிற்கவைத்தது மேடம் அல்ல, அக்காதான். “சத்தமா” என்றார். சொன்னேன். “இன்னும் சத்தமா.” மூன்றாவது தடவை என் குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்று மாலை அக்கா என் அறைக்கு வந்து, கஞ்சி போட்ட ஒரு தொப்பியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, “அழாத மக்ளே. எல்லாருக்கும் நடக்கதுதான். எனக்கும் நடந்துச்சு” என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் நெருக்கமானோம். அப்போது எனக்கு அது பாசமாகத்தான் தெரிந்தது. பாசம்தான், பொய்யில்லை. ஆனால் காலையில் என்னை நிற்கவைத்ததும் அதே கைதான் என்பதை யோசிக்க எனக்கு நிறைய வருஷம் ஆனது.

படிப்பு முடித்து, வார்டில் வேலை பார்த்து, ட்யூட்டர் கோர்ஸும் முடித்து அதே ஸ்கூலுக்கு ஜூனியர் ட்யூட்டராகப் போனேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் நம்மை யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். ட்யூட்டர்கள் அறைக்குள் கால் வைத்த முதல் வாரத்திலேயே அந்த நினைப்புப் போய்விட்டது. மாணவிகள் பார்த்தது பாதிதான். மீதி இங்கே நடந்தது.

மேடம் அறையில் ஒரு மணி உண்டு. ஒரு தடவை அடித்தால் பியூன், இரண்டு தடவை அடித்தால் அக்கா. அக்கா எழுதிய பாடக் குறிப்பை மேடம் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். அக்காவின் இங்கிலீஷ் உச்சரிப்பை அப்படியே இழுத்து இழுத்து வாசிப்பார். “கியா ஹை யே? மதராஸ் மெயிலா?” என்று, இது என்ன மதராஸ் ரயிலா என்கிற மாதிரி கேட்டுவிட்டுத் தாள்களை மேஜையிலிருந்து தள்ளிவிடுவார். அவை தரையில் பரவும். அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தூசு தட்டி, “தேங்க் யூ மேடம்” என்பார். நாங்கள் நான்கு ட்யூட்டர்கள் டீ கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர்கள் மாதிரி குனிந்திருப்போம். வாயைத் திறந்தால் நாளைக்கு நம் முறை என்று எல்லோருக்கும் தெரியும். மேடத்தை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவர் மாணவியாக இருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்கார மேட்ரன் அவரை வராந்தாவில் முட்டி போட வைத்தாராம். அதை அவரே பெருமையாகச் சொல்வார். “என்னக்கா இப்படிப் பொறுத்துக்கிட்டு இருக்கீங்க?” என்று ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். “எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு, சண்டை போட? குவார்ட்டர்ஸ் பேப்பர் அவிய கையில கெடக்கு. அது போற வரைக்கும் தேங்க் யூ மேடம்தான். எனக்க மவ வந்து சேரட்டும், பொறவு பாக்கலாம்” என்றார்.

அந்தப் பேப்பர் நிஜமாகவே நகரத் தொடங்கியது. சீனியர் ட்யூட்டர் இடம் காலியானது. நர்சிங் கவுன்சில் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் அக்கா பெயரைப் பரிந்துரை செய்து அனுப்புகிறேன் என்று மேடமே சொல்லிவிட்டார். அக்கா இரண்டு நாள் சிரித்த முகமாகவே இருந்தார். வளாகப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்தார். மூன்றாம் எண் குவார்ட்டர்ஸ் காலியாகிறது, சமையலறைக்கு ஜன்னல் உண்டு என்று என்னிடம் நாலு தடவை சொன்னார்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் மகளுக்குப் பிறந்தநாள். எட்டு வயது முடிகிறது. ஊரில் மைனியின் பக்கத்து வீட்டில் போன் உண்டு. அக்கா ட்ரங்க் கால் பதிவு செய்திருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு அவருக்கு டெம்பரேச்சர் பார்க்கும் டெமான்ஸ்ட்ரேஷன் வகுப்பு. “நீ எடுக்கியா மக்ளே? ஓடிப் போயிட்டு ஓடி வந்திருவேன்” என்றார். வகுப்பை மாற்றிக்கொண்டால் ரிஜிஸ்டரில் எழுதி மேடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நாளில் மேடம் முன்னால் போய் நிற்க யாருக்குத் துணிச்சல்? எழுதாமலே எடுத்தேன். நல்லபடியாகத்தான் எடுத்தேன். மாதாஜியின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து, கையை மார்பின் மேல் மடித்து, வாட்சைப் பார்த்து எல்லாம் செய்து காட்டினேன். மணி அடித்தது. போர்வையை இழுத்துவிட்டு, பெண்களை ஜல்தி ஜல்தி என்று விரட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. நிஜ நோயாளி என்றால் கையில் எடுத்துப் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும், மறக்க முடியாது. பொம்மைக்குச் சார்ட் ஏது?

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர்கள் மூன்று பேர் வந்தார்கள். டெமான்ஸ்ட்ரேஷன் ரூமில் முதல் வருஷப் பெண்கள் முப்பது பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். இன்ஸ்பெக்டர்களில் ஓர் அம்மா மாதாஜியின் போர்வையை விலக்கி, தொளதொளத்த கையைத் தூக்கிப் பார்த்தார். தெர்மாமீட்டர் நழுவி விழுந்தது. மொசைக் தரையில் பாதரசம் உருண்டைகளாக ஓடியது, ஒன்று அந்த அம்மாவின் செருப்பு வரைக்கும் போனது. “நேற்றிலிருந்து டெம்பரேச்சர் பார்க்கிறீர்களா? காய்ச்சல் அதிகம் போலிருக்கிறது” என்று அவர் இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். மேடமும் சிரித்தார்.

அவர்கள் காரில் ஏறிப் போனதும் மேடம் நேராக அந்த அறைக்குத் திரும்பி வந்தார். பெண்கள் அப்படியே நின்றார்கள். “நேற்று மூன்று மணி வகுப்பு யாருடையது?” ரிஜிஸ்டர் வந்தது. அதில் அக்கா பெயர். நான் அக்காவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தரையில் கிடந்த பாதரசத்தையே பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “என் ஹவர்தான், மேடம்” என்றார்.

மேடம் கட்டிலைக் காட்டினார். “மாதாஜி ஸே மாஃபி மாங்கோ.”

மாதாஜியிடம் மன்னிப்புக் கேள்: மாணவியிடம் சொல்கிற அதே வார்த்தை. நாற்பதை நெருங்குகிற ஒரு ட்யூட்டரிடம், அவருடைய மாணவிகள் முன்னால். அதற்கு முன் எந்த ட்யூட்டரையும் அப்படிக் கேட்கச் சொன்னதில்லை. பேப்பர் மேடத்தின் மேஜை மேல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும். ஐ ஆம் சாரி மாதாஜி. சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிவிடுங்கள் அக்கா, சொல்லித் தொலையுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். மகளுக்காகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். எத்தனை நாள் குனிந்து தாள் பொறுக்கியவர்!

அக்கா கட்டில் பக்கம் போனார். மாதாஜியின் கையைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்தார். அப்புறம், “இது பொம்மை, மேடம்” என்று தன் ஓட்டை இந்தியில் சொன்னார். திரும்பி, சுவரோரம் நின்ற பெண்களைப் பார்த்தார். அதே இந்தியில், இடையிடையே இங்கிலீஷும் போட்டு, தடுமாறித் தடுமாறிச் சொன்னார்: இத்தனை வருஷமாக உங்களையும் உங்களுக்கு முன்னால் வந்தவர்களையும் இதன் முன்னால் நான் நிற்கவைத்தேன். சத்தமாகச் சொல் என்று வேறு சொன்னேன். அது தப்பு. மன்னிப்புக் கேட்பதென்றால் உங்களிடம்தான் கேட்க வேண்டும். ஐ ஆம் சாரி.

மேடம் ரிஜிஸ்டரை மூடினார். அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை அக்காவின் அறைக்குப் போய்த் தேம்பித் தேம்பி அழுதேன். “நான்தான்க்கா மறந்தேன். நாளைக்குப் போய் மேடத்துகிட்டச் சொல்லிடறேன்க்கா.” அவர் தரையில் உட்கார்ந்து முட்டியில் ஊசியை ஊன்றிப் பின்னிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. “சொல்லணும்னு தோணிச்சுன்னா சொல்லு. எனக்காகச் சொல்லாத” என்றார். அவர் தடுத்திருந்தால் எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும். மறுநாள் போகவில்லை. வாரக் கடைசியில் போகலாம் என்றிருந்தேன். வாரக் கடைசியில் மேடத்தின் முகம் சரியில்லை. அப்படியே போனது. கோழைத்தனம் என்பதற்கு அதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

பரிந்துரையில் வேறு பெயர் போனது. அக்காவை ஸ்கூலிலிருந்து எடுத்து வார்டுக்கு மாற்றினார்கள். ரகசிய அறிக்கையில் கீழ்ப்படியாமை என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மூன்றாம் எண் குவார்ட்டர்ஸில் வேறொரு குடும்பம் வந்தது. அதன் பிறகும் அக்கா இரண்டு குளிர்காலம் அதே ஹாஸ்டல் அறையில் இருந்தார். ஞாயிறுகளில் கஞ்சி காய்ச்சினார், என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார், நானும் வெட்கமில்லாமல் போய்ச் சாப்பிட்டேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்துக் கடைக்காரரிடம் பேரம் பேசுவார், பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பார். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் பிறகு வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது, கூடவே கூசுகிறது. பிறகு ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சில வருஷங்கள் கழித்து மூன்றாம் எண் குவார்ட்டர்ஸ் எனக்குத்தான் கிடைத்தது. சீனியர் ட்யூட்டர் ஆகியிருந்தேன். சமையலறைக்கு ஜன்னல் இருந்தது.

மேடம் ஓய்வு பெற்றுப் போனார். மாதாஜி போகவில்லை. அந்த வழக்கமும் போகவில்லை. நான் நினைத்திருந்தால் ஒரே நாளில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எல்லா ட்யூட்டர்களும் செய்தார்கள், நானும் எப்போதாவது செய்தேன். விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிற்கிறவளுக்கு அது விளையாட்டா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலே வரி. “எனக்க மவளுக்கு ஒங்க ஸ்கூல்ல இடம் கிடைச்சிருக்கு. ரயில் ஏத்தி விடுதேன். நீ இருக்கன்னு தைரியம். பாத்துக்க மக்ளே.” ஸ்டேஷனுக்குப் போனேன். அம்மாவின் நெற்றி, அம்மாவின் நடை, ஒல்லிப் பெண். தமிழ்நாட்டை விட்டு அதுதான் அவளுக்கு முதல் பயணம். என்னை சிஸ்டர் என்றே கூப்பிட்டாள். ஞாயிறுகளில் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிட அழைப்பேன். முதல் நாள் இரண்டு ரூமையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்ல வீடு சிஸ்டர்” என்றாள். நான் சாம்பார் கரண்டியோடு அடுப்பைப் பார்த்து நின்றேன்.

இப்போது சொல்லப்போவதற்கு நான் எந்தச் சாக்கும் சொல்லப்போவதில்லை. மறுபடி ஓர் இன்ஸ்பெக்‌ஷன் வாரம். எனக்கு நாலு நாளாகத் தலைவலி. முதல் வருஷத்துக்குப் படுக்கைக் குளியல் வகுப்பு. அவள் முறை வந்தது. தண்ணீரைச் சூடு பார்த்தாள், துண்டை விரித்தாள், எல்லாம் பாங்காகச் செய்தாள். ஆனால் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மறைக்காமல் மாதாஜியின் உடையை அவிழ்த்துவிட்டாள். புதுப் பெண்கள் எல்லோரும் செய்கிற தப்புதான், பொம்மைதானே என்று தோன்றிவிடும். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாயிலிருந்து வந்தது: “ஸ்க்ரீன் எங்கே? மாதாஜியிடம் சாரி சொல்லு.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அதற்குள் அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கட்டிலோரம் போய் நேராக நின்றுவிட்டாள். கை கூப்பினாள். “ஐ ஆம் சாரி, மாதாஜி.” கணீரென்று, ஒரு பிசிறு இல்லாமல். முதல் தடவையிலேயே அவ்வளவு சத்தமாகச் சொன்ன பெண்ணை நான் பார்த்ததில்லை. பின்னால் ஒருத்தி சிரித்தாள். இவள் திரும்பி வந்து திரையை இழுத்து, விட்ட இடத்திலிருந்து குளிப்பாட்டத் தொடங்கினாள்.

வகுப்பு முடிந்ததும் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். “உனக்கு ஒரு மாதிரி இருந்துச்சா?” என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

“இல்ல சிஸ்டர். அம்மா சொல்லித்தான் அனுப்புனாவ. அங்க பொம்மைக்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுவாவ, சொன்ன உடனே கேட்டுரு, யோசிக்காத, நான் செஞ்ச மாதிரி செஞ்சிராதன்னு. வீட்ல கண்ணாடி முன்னால நிறுத்திச் சொல்லிப் பாக்க வச்சாவ.” கொஞ்சம் தயங்கி, “சரியாச் சொன்னேனா சிஸ்டர்?” என்று கேட்டாள்.

அந்த அறையில் அன்றைக்குத் தலை நிமிர்ந்து நின்றவர், மகளைத் தன் வீட்டில் நிறுத்தி, தலை குனியப் பழக்கியிருக்கிறார். என்னை நம்பி அனுப்பிய கடிதத்தை எழுதிய அதே வாரத்தில் பழக்கியிருப்பார். நான் இருக்கிறேன் என்ற தைரியமும் இருந்திருக்கிறது, நான் என்ன செய்வேன் என்பதும் தெரிந்திருக்கிறது.

அக்கா இப்போது மகளோடுதான் இருக்கிறார். மகள் வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், அம்மாவைக் கூடவே வைத்துக்கொண்டிருக்கிறாள். போனில் பேசினால், “இங்க கெடக்க குளிருக்கு டெல்லிக் குளிரெல்லாம் ஒரு குளிரா மக்ளே?” என்று சிரிப்பார். ஆனால் அன்றைக்கு அந்த வராந்தாவில், தெர்மாமீட்டர் விஷயத்தை மேடத்திடம் போய்ச் சொல்லலாம் என்று பார்த்தால், அவர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போயிருந்தார். எதையாவது சரிசெய்ய எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பிற்பகல்தான்.

சரியாகச் சொன்னேனா என்று கேட்டவளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப அறைக்குள் போனேன். போர்வையும் துண்டும் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர ஒருத்தியும் உட்காரவில்லை. ட்யூட்டர் நிற்கும்போது உட்காரக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நிற்கிறவர்களிடமே மன்னிப்புக் கேட்டேன்.